நாற்காலியை விட்டு இறங்கு

கேட்டின் கொண்டி டங்கென்று விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

நான் சோபாவிலிருந்து. பூனைக்குட்டி, என் மாமனாரின் நாற்காலியிலிருந்து.

பகல் பதினொன்றரை மணி இருக்கும். டிவியில் யாரோ வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்த வேகத்தில், கசங்கியிருந்த சோபா விரிப்பை ஒரு கையால் இழுத்துச் சரிசெய்துவிட்டு, சமையலறை வாசலுக்குப் போய் நின்றேன். குட்டி பொத்தென்று குதித்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு என் காலடியில் வந்து உட்கார்ந்தது. முகத்தைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து தரையைத் தவிர வேறெதையும் அறியாதது மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். தினமும் காலையில் செங்கம் ரோட்டு டீக்கடையில் நண்பர்களோடு பேப்பர் படித்துவிட்டு, நாட்டை ஒரு வழியாக்கிவிட்டு இந்த நேரத்துக்குத் திரும்புவார். நாற்காலியைப் பார்த்தார், காலியாக இருந்தது. குட்டியைப் பார்த்தார், தரையில் இருந்தது.

"பரவால்லையே வசந்தா, நல்லா பழக்கிட்ட. இப்பல்லாம் மேல ஏர்றதே இல்ல" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் லேசாக நெளிந்தார். "என்னா, இப்படிச் சூடா கீது? வெயில் இங்க வரைக்கும் வருதா?"

"ஆமாங்க, ஜன்னல் வழியா வருது" என்றேன்.

தண்ணீர் எடுக்கப் போனேன். சொம்பைக் குழாயடியில் ணங்கென்று வைத்தேன். கோபம். உள்ளங்காலிலிருந்து ஏறி வந்த கோபம். யார்மேல் என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை. அந்தக் குட்டிக்கு நான் மூன்று மாதம் பாடம் நடத்தியிருந்தேன். கேட் சத்தம் கேட்டால் எழுந்து போய் நில் என்று எனக்குப் பாடம் நடத்தியது யார்?

மாடியிலிருந்து வந்தது

எங்கள் வீட்டு மாடியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். ஆசிரமம் பக்கம் இருப்பதால் ஆள் கிடைப்பதில் கஷ்டமில்லை. போன வருஷம் இருந்தது பிரான்ஸ்காரம்மா ஒருவர். என் வயசுதான். கிரிவலப் பாதையோரம் மழையில் கத்திக்கொண்டிருந்த குட்டியை எடுத்து வந்து, பீங்கான் கிண்ணத்தில் பால் ஊற்றி வளர்த்தார். வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்புத் திட்டு. சாந்தி என்று பெயர் வைத்தார். சாந்தி தவிர மற்றதெல்லாம் அதனிடம் இருந்தது.

ஒரு நாள் மோட்டார் சுவிட்ச் போட மாடிக்குப் போனேன். அந்தம்மா தரையில் பாய் விரித்துக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாங்கிப் போட்ட பிரம்பு நாற்காலியில் குட்டி கால் நீட்டிப் படுத்திருந்தது. வாடகை கொடுப்பவர் கீழே, பூனை மேலே. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதுங்க ஊர்ல அப்படித்தான், பூனைக்குத்தான் மரியாத ஜாஸ்தி" என்று அவரும் சிரித்தார்.

ஆவணியில் விசா முடிந்து அந்தம்மா கிளம்பினார். குட்டியைக் கையில் கொடுத்துவிட்டுக் கண் கலங்கினார். எனக்கு முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது என் புடவைத் தலைப்பில் நகத்தை மாட்டிக்கொண்டு தோளுக்கு ஏறிவிட்டது. ரிட்டையராகி இரண்டு வருஷமாகியிருந்தது. பையன் சென்னையில். பகல் முழுக்க அந்த வீட்டில் என்னோடு பேச சுவர்க்கடிகாரம்தான் இருந்தது. சரி, இருக்கட்டும் என்றேன்.

கீழே வந்த குட்டி முதல் நாளே ஹாலைச் சுற்றிப் பார்த்து, சோபா, கட்டில், மோடா எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டு, நேராகப் போய் ஏறியது அந்த நாற்காலியில்.

சாக்கு

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேக்கு. அகலமான கைகள், பிரம்புப் பின்னல். என் மாமனார் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தபோது ஏலத்தில் எடுத்தது. எந்தத் துரை உட்கார்ந்ததோ என்று பெருமையாகச் சொல்வார். அவர் இருந்தவரை அவர் மட்டும் உட்கார்ந்தார். அவர் போனதும், கருமாதி முடிந்த மறுநாள், என் வீட்டுக்காரர் போய் உட்கார்ந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பட்டா மாறின மாதிரி நாற்காலி மாறியது.

குட்டி அந்தப் பிரம்பில் நகம் தீட்டியது. மூன்றாம் நாள் இரண்டு இழை பிய்ந்து தொங்கியது.

"இத பாரு வசந்தா" என்றார் அவர். கத்தவில்லை. அவர் எப்போதும் கத்தமாட்டார். "தீபத்துக்கு அக்கா வர்றா. அப்பா நாற்காலியில பூனை முடியப் பாத்தா என்னா சொல்லுவா? அதுக்குள்ள இது கீழ இருக்கக் கத்துக்கணும். இல்லைன்னா சாக்குல போட்டு அவலூர்பேட்டை ரோட்டுல எங்கனா விட்டுட்டு வந்துடுவேன்."

கோணிச் சாக்கு ஒன்றை எடுத்து மாடிப்படிக்குக் கீழே மடித்தும் வைத்தார். ரோட்டில் விட்டால் அது ஒரு ராத்திரி தாங்காது. நாய்கள் இருக்கின்றன, லாரிகள் இருக்கின்றன.

நான் டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். பின்னக் கணக்கே வராத பிள்ளைகளை பிளஸ் டூ தாண்ட வைத்தவளுக்கு ஒரு பூனைக்குட்டி எம்மாத்திரம் என்று நினைத்தேன். நினைப்புதான்.

முதலில் கைதட்டி, "இறங்கு" என்றேன். அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. எலுமிச்சம்பழத் தோலை நாற்காலியில் பரப்பினேன். ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கீழே தள்ளிவிட்டு ஏறிப் படுத்தது. எதிர்வீட்டுப் பெண் அந்துருண்டை போடச் சொன்னாள். நல்லவேளை, மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கேட்டேன். "பூனையக் கொல்லணும்னு முடிவு பண்ணிட்டீங்களா டீச்சர்?" என்று திட்டினார். அவர் என் பழைய மாணவியின் அண்ணன், அதனால் திட்டோடு விட்டார். "அதுக்குன்னு உயரமா ஒரு இடம் குடுங்க, எதுலயாவது நகம் தீட்ட வுடுங்க" என்றார். பழைய ஸ்டூலில் தேங்காய்நார்க் கயிறு சுற்றி ஜன்னலோரம் வைத்தேன். நகம் தீட்ட ஸ்டூலுக்குப் போனது. தூங்க நாற்காலிக்கு வந்தது.

கடைசியில் இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்தேன். ஏறினால் முகத்தில் புஸ்ஸென்று ஒரு தெளிப்பு.

இங்கேதான் தப்புப் பண்ணினேன். நாள் முழுக்கத் தெளிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் வெளியே இருக்கும் நேரமெல்லாம் அது பாட்டுக்கு நாற்காலியில் தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்த வெள்ளை வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி கீரை ஆய்வது எனக்குச் சுகமாக இருந்தது. கேட் கொண்டி சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஒரு தெளிப்பு, "இறங்கு" என்று ஓர் அதட்டல், முடியெல்லாம் போகத் துண்டால் ஒரு துடைப்பு. பத்து நாளில் பாட்டில் தேவைப்படவில்லை. கொண்டி சத்தம் கேட்டாலே போதும், தானே இறங்கியது.

நாற்காலியில் ஏறாதே என்று நான் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் வரும்போது அதில் இருக்காதே என்றுதான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

இதெல்லாம் அந்தப் பதினொன்றரை மணிக்கு, கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தைத்தானே அதற்கும் நடத்தியிருக்கிறேன்!

யார் சொன்னது?

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் சிலர், உங்கள் மாமியார் கொடுமைக்காரரா என்று கேட்டு எழுதுகிறார்கள். இல்லை. கொடுமைக்காரராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம். ஹாலில் மாமனார் அந்த நாற்காலியில், என் வீட்டுக்காரர் மோடாவில், நாத்தனார் பெஞ்சில். மாமியார் சமையலறை வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். காபி கொடுத்துவிட்டு வந்த நான் எங்கே போவது? அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாளும் நின்றேன். அதற்கடுத்த நாளும்.

காலையில் பள்ளிக்கூடம் போவேன். நான் வகுப்புக்குள் நுழைந்தால் அறுபது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். "உட்காருங்க" என்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அந்த வார்த்தையைச் சொல்வேன். ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனால், "உக்காருங்க டீச்சர், நின்னுகிட்டே பேசாதீங்க" என்பார். கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் எனக்கென்று பெயர் எழுதிய நாற்காலி போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கால் தானாக அந்த நிலைக்குப் போய்விடும். என் தோள் பட்டுப் பட்டு அந்த இடத்தில் மரம் வழவழவென்றிருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. எரிச்சலோடு சொல்கிறேன்.

எட்டு மாத வயிற்றோடு நின்றிருக்கிறேன். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், ஹாலில் எல்லோரும் கிரிக்கெட் பார்க்க, நான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றிருக்கிறேன். சோபா வாங்கிய பிறகும் நின்றிருக்கிறேன். அது என் சம்பளத்தில் வாங்கிய சோபா!

பல வருஷம் கழித்து ஒரு சண்டையில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "யாரு உன்ன உக்காரக் கூடாதுன்னு சொன்னா? நீயாதான நின்ன?"

பூனைக்காவது நான் வாயைத் திறந்து இறங்கு என்று சொன்னேன். தண்ணீர் தெளித்தேன். எனக்கு ஒரு தெளிப்பும் தேவைப்படவில்லை. படித்தவளாயிற்றே, சீக்கிரம் புரிந்துகொண்டேன். இதை எழுதும்போதும் பேனாவைக் குத்தி உடைக்கலாம்போல் இருக்கிறது.

அப்பா வந்த அன்று

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் பூனையிடம் திரும்புகிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமான மறுவருஷம் அப்பா ஆரணியிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். மஞ்சள் பையில் சாத்துக்குடியும் பூந்தியும். மாமனார் மரியாதையாகத்தான் நடத்தினார். "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார். அப்பா உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த காலி இடத்தைத் தட்டி, "வாம்மா, உக்காரு" என்றார்.

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லப்பா" என்றேன்.

"பஸ்ஸுல வந்தவன் நானு. நீ ஏம்மா நிக்கிற? உக்காரு."

"பரவால்லப்பா. நின்னே பழக்கம்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவின் முகம் மாறியது. அப்புறம் எழுந்தார். காபி வந்தது, நின்றபடியே குடித்தார். மாமனார் "உக்காருங்க, உக்காருங்க" என்று நாலு முறை சொன்னார். "இருக்கட்டுங்க, இடுப்பு வலி" என்றார் அப்பா. அவருக்கு இடுப்பு வலி கிடையாது. அரை மணி நேரம் நின்றே பேசிவிட்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எத்தனையோ முறை வந்தார். சாகும்வரை அந்த வீட்டில் அவர் உட்காரவே இல்லை.

எனக்கு அப்போது அப்பாமேல்தான் கோபம் வந்தது. மானத்தை வாங்குகிறாரே என்று. எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தேன் பாருங்கள்.

தீபத்தன்று

தீபம் வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த நாத்தனார் மூட்டை முடிச்சோடு நடந்தே வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி. சென்னையிலிருந்து பையன் பாலாவும் மருமகள் திவ்யாவும் முதல் நாளே வந்துவிட்டார்கள். திவ்யாவுக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. பத்துப் பதினைந்து பேர் அவளுக்குக் கீழே.

வந்ததும் அண்ணி குட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "என்னா தம்பி, வீட்டுக்குள்ள பூனையா?"

"அது கீழதான்க்கா இருக்கும். அப்பா நாற்காலிப் பக்கமே போவாது. மூணு மாசமா வசந்தா ட்ரெயினிங்" என்றார் இவர் பெருமையாக.

சாயங்காலம் எல்லோரும் மாடிக்குப் போனோம். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் எரிந்தது. ஊரே அரோகரா என்றது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாங்கள் அகல்களை ஏற்றி மாடிச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டுக் கீழே இறங்கினோம்.

வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் மாடிப்படியில் இறங்கி வந்தால் கேட் கொண்டி எப்படிச் சத்தம் போடும்?

குட்டி நாற்காலியின் நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா நாற்காலியில..." என்றார் அண்ணி. அவ்வளவுதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் முகம் கறுத்தது. அக்கா எதிரில் அவர் சொன்ன பெருமை அங்கே சுருண்டு படுத்திருந்தது. நேராகப் போய், மாடிப்படிக்குக் கீழே இருந்த சாக்கை எடுத்து வந்தார். "நான் அப்பவே சொன்னேன். கூட்டத்துல விட்டா எவனாவது எடுத்துட்டுப் போவான். தூக்கி இதுல போடு வசந்தா."

நான் சமையலறை நிலையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால், கையில் பொரி உருண்டைத் தட்டோடு திவ்யா. இவளும் ஏன் நிற்கிறாள் என்று, எனக்கு இருந்த கோபத்தில் அவள்மேல் பாய்ந்தேன்.

"நீ ஏம்மா நிக்கிற? அவ்ளோ பெரிய சோபா காலியாத்தான கிடக்குது? போய் உக்காரேன்!"

திவ்யா பயந்துவிட்டாள். தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நிக்கிறீங்களே அத்தை" என்றாள் மெதுவாக. "நான் வந்த நாள்லேர்ந்து நீங்க இங்கதான நிக்கிறீங்க? நீங்க நிக்கும்போது நான் எப்படி உக்கார்றது?"

கல்யாணமாகி நாலு வருஷம். ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து, இந்தப் பெண் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். நான் அதைப் பார்க்கவே இல்லை. அவளை நிற்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளாகத்தான் நின்றாள் என்று அடுத்து என் வாயில் வர இருந்தது. நல்லவேளை, பல்லைக் கடித்தேன். இவ்வளவு நேரம் யார்மேல் என்று தெரியாமல் இருந்த கோபத்தில் பாதி என் பக்கமே திரும்பியது.

"என்னா யோசன? தூக்கு" என்றார் அவர், சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி.

தூக்கினேன். அது தூக்கத்தில் துணி மாதிரி தொங்கியது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதுகு பிரம்பில் படும்வரை சாய்ந்தேன்.

"என்ன பண்ற வசந்தா?"

"உக்கார்றேன்."

"சாக்கு..."

"அது சின்னதா கீது. போய்ப் பெருசா எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் புடிக்கிற மாதிரி."

பாலா சிரிக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அண்ணி தம்பியைப் பார்த்தார். அவர் விரித்த சாக்கோடு ஹால் நடுவில் நின்றார். தன் சொந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படி அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். பாவமாக இல்லை.

"குட்டி எங்கயும் போவாது" என்றேன். "அது இங்கதான் இருக்கும், எங்க வேணும்னாலும் படுத்துக்கும். திவ்யா, இங்க வா."

திவ்யா வந்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். சோபாவின் விளிம்பில், யாராவது கூப்பிட்டால் எழுந்துகொள்ளத் தோதாக, பாதி உட்கார்ந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காரு" என்று அதட்டினேன்.